தாடை மூட்டு அதிர்வுப் பதிவு: திரையில் தெரிவது கோளாறா, நோயா?

தாடை மூட்டு அதிர்வுப் பதிவு, ஆங்கிலப் பெயரின் (Joint Vibration Analysis) சுருக்கமாக ஜே.வி.ஏ., பார்க்க எளிமையான சோதனை. ஹெட்செட் மாதிரி ஒன்றைத் தலையில் மாட்டி, இரண்டு காதுக்கும் முன்னால் மூட்டின் மேல் பக்கத்துக்கு ஒன்றாக, அதிர்வை உணரும் அக்செலரோமீட்டர் சென்சாரை உட்காரவைக்கிறோம். திரையில் ஏறி இறங்கும் தாளத்துக்கு ஏற்றபடி நோயாளி வாயைத் திறந்து மூடுகிறார். மூட்டுக்குள் தாடை எலும்பின் தலையும் அதன் மேல் மெத்தை மாதிரி இருக்கும் டிஸ்க்கும் நகரும்போது எழும் அதிர்வு, தோல் வழியாக வந்து இரண்டு கோடுகளாகப் பதிவாகிறது. ஊசி கிடையாது, கதிர்வீச்சு கிடையாது, சில நிமிடங்களில் முடிந்துவிடும்.

சிக்கல் எங்கே வருகிறது என்றால், இந்தப் பதிவில் நேரும் ஒவ்வொரு பிழையும் ஏதோ ஒரு நோயைப் போலவோ, நோயே இல்லாதது போலவோ தெரியும். சென்சாரில் முடி உரசினால் மூட்டுத் தேய்மானம் மாதிரி இருக்கும். பல் இடித்தால் டிஸ்க் விலகல் மாதிரி இருக்கும். வாயைச் சரியாகத் திறக்காவிட்டால், நோயுள்ள மூட்டு ஆரோக்கியமான மூட்டு மாதிரி அமைதியாக இருக்கும். மூன்றாவதுதான் எனக்கு அதிகம் கவலை தருவது. கும்பகோணத்திலோ மன்னார்குடியிலோ சீர்காழியிலோ சின்ன கிளினிக்கில் இந்தக் கருவியோடு வேலை செய்யும் இளம் பல் மருத்துவர்களையும் உதவியாளர்களையும் மனதில் வைத்து, திரையில் என்ன தெரிகிறதோ அதிலிருந்து ஆரம்பித்து எழுதியிருக்கிறேன். உங்கள் முன்னால் இருக்கும் கோடு எந்தத் தலைப்போடு ஒத்துப்போகிறதோ அங்கே போங்கள். ஆனால் அடுத்த இரண்டு பத்திகளை மட்டும் தாண்டிப் போகவேண்டாம்.

முதலில் ஸ்கேல், அப்புறம் சென்சார். மேல் முன்பல் நுனிக்கும் கீழ் முன்பல் நுனிக்கும் இடையே மில்லிமீட்டரில் அளந்து, மேல்பல் கீழ்ப்பல்லை மூடியிருக்கும் அளவையும் கூட்டிக்கொள்ளுங்கள். வலியில்லாமல் எவ்வளவு திறக்கிறது, வலித்தாலும் பரவாயில்லை என்று திறந்தால் எவ்வளவு, நீங்கள் விரலால் மெல்ல உதவினால் எவ்வளவு என்று மூன்று எண்களும் வேண்டும். பெரியவர்களுக்கு 40 மி.மீ. என்பது கைவசம் வைத்திருக்கவேண்டிய எல்லை. அதற்குக் கீழே போனால் ஏதோ தடுக்கிறது என்று அர்த்தம். திறக்கும்போது தாடை நேராக இறங்குகிறதா, நடுவில் ஒரு பக்கம் போய்த் திரும்பி வருகிறதா, ஒரே பக்கம் ஒதுங்கி அங்கேயே நின்றுவிடுகிறதா என்பதையும் எழுதுங்கள். இந்த எண்கள் பக்கத்தில் இல்லாத அதிர்வுப் பதிவை நான் படிப்பதில்லை.

அடுத்தது தட்டிப் பார்ப்பது. ஹெட்செட்டை மாட்டியதும் வலது சென்சாரின் முதுகில் விரல் நகத்தால் லேசாக ஒரு தட்டு. திரையில் வலது கோடு துள்ளவேண்டும். இடதுக்கும் அப்படியே. அரை நிமிட வேலை. வலமும் இடமும் மாறிப்போன பதிவை வைத்து நல்ல மூட்டுக்கு வைத்தியம் ஆரம்பிப்பதை இது தடுக்கும்.

ஒரு பக்கக் கோடு அசையவே இல்லை

தட்டிப் பார்த்தும் அசையவில்லை என்றால் கோளாறு கருவியில். கேபிள் சென்சாருக்குள் நுழையும் கழுத்துப் பகுதியைப் பிடித்து மெல்ல வளைத்துப் பாருங்கள். கோடு விட்டு விட்டு வந்தால் உள்ளே கம்பி அறுந்திருக்கிறது, அந்த இடம்தான் முதலில் போகும். நாகப்பட்டினம், வேதாரண்யம் மாதிரி கடலோர ஊர்களில் உப்புக் காற்று பிளக்கின் ஊசிகளைப் பச்சை பூக்க வைத்துவிடும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் துடைத்து, காயவிட்டு மாட்டுங்கள். சென்சாரைத் தரையில் போட்டிருந்தால், வெளியே கீறல் இல்லாவிட்டாலும் உள்ளே பழுதாகியிருக்கலாம்.

தட்டினால் துள்ளுகிறது, வாயைத் திறக்கும்போது மட்டும் ஒன்றும் வரவில்லை என்றால், சென்சார் தவறான இடத்தில் உட்கார்ந்திருக்க வாய்ப்பு அதிகம். காது ஓட்டைக்கு முன்னால் இருக்கும் சின்ன மேட்டிலிருந்து ஒரு விரல் அகலம் முன்னே உங்கள் விரலை வைத்து, நோயாளியைத் திறந்து மூடச் சொல்லுங்கள். எலும்பின் தலை விரலுக்கடியில் உருண்டு போவது தெரியும். சென்சாரின் இடம் அதுதான். கண்ணால் பார்த்து வைத்தால் கன்ன எலும்பின் வளைவில்போய் உட்கார்ந்துவிடும்.

வாயை மூடிச் சும்மா உட்கார்ந்திருக்கும்போதே கோடு நடுங்குகிறது

நோயாளி வாயைத் திறப்பதற்கு முன் சில விநாடி சும்மா பதிவு செய்து பார்ப்பது நல்ல பழக்கம். அப்போதே கோடு நடுங்கினால் அது மூட்டு இல்லை.

எந்த அலைவரிசையில் எவ்வளவு அதிர்வு என்று காட்டும் அலைவரிசைப் படத்தில் 50, 100, 150 ஹெர்ட்ஸில் கம்பி நட்டது மாதிரி கோடுகள் நிற்கின்றனவா? அது கரண்ட். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கிவிட்டு பேட்டரியில் பதிவு செய்யுங்கள். பெரும்பாலும் அங்கேயே தீர்ந்துவிடும். கரண்ட் போய் இன்வெர்ட்டரில் ஓடும்போது நடுக்கம் அதிகமானால், அது சுத்தமான சைன் அலை தராத மலிவான இன்வெர்ட்டராக இருக்கலாம். கட்டடத்தின் எர்த் சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்து ஒருமுறை பார்த்துவிடுங்கள். பழைய வீடுகளைக் கிளினிக்காக மாற்றிய இடங்களில் மூன்று ஓட்டை பிளக் இருக்கும், மூன்றாவது ஓட்டைக்குப் பின்னால் கம்பியே இருக்காது.

இதை நான் பெரிதாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. மூட்டு அதிர்வின் பெரும்பகுதி சக்தி 300 ஹெர்ட்ஸுக்குக் கீழேதான் இருக்கிறது. கரண்ட் இரைச்சலும் அங்கேயே போய் விழுகிறது. மென்பொருள் இரண்டையும் சேர்த்துக் கூட்டி ஓர் எண்ணைத் தரும். அந்த எண்ணில் எவ்வளவு மூட்டு, எவ்வளவு மின்வாரியம் என்று அப்புறம் பிரிக்க முடியாது.

இரைச்சலுக்கு ஒழுங்கான அலைவரிசை இல்லையென்றால் அறையைப் பாருங்கள். தலை நாற்காலியின் ஹெட்ரெஸ்ட்டில் சாய்ந்திருந்தால் பக்கத்து அறை கம்ப்ரஸரின் அதிர்வு நாற்காலி வழியாக ஏறி வரும். முதுகு நேராக, தலை எதிலும் படாமல், இரண்டு கால்களும் தரையில் ஊன்றி உட்காரவைக்க வேண்டும். ஃபேன் காற்று கேபிளை ஆட்டினாலும் கோடு ஆடும். இதெல்லாம் இல்லாமல் மெதுவான ஒரு துடிப்பு மட்டும் தெரிந்தால் நோயாளியின் மணிக்கட்டில் நாடி பிடித்துப் பாருங்கள். காதுக்கு முன்னால் மேலோட்டமாக ஒரு தமனி ஓடுகிறது. துடிப்பு நாடியோடு ஒத்துப்போனால் சென்சாரை ஒரு நூல் நகர்த்தினால் போதும்.

வருகிற எல்லோருக்கும் தேய்மானம் தெரிகிறது

தேய்ந்த மூட்டின் நறநறப்பு திரையில் எப்படி இருக்கும்? உயரம் குறைவாக, நீளமாக, 300 ஹெர்ட்ஸுக்கு மேலேயும் பரவலாகச் சக்தி இருக்கும். டிஸ்க் சொடுக்குவதோ கொஞ்ச நேரமே, கூர்மையாக வரும், சக்தி பெரும்பாலும் 300-க்குக் கீழே. அதனால்தான் மென்பொருள் மேலே உள்ளதையும் கீழே உள்ளதையும் தனித்தனியாகக் கூட்டி, இரண்டுக்கும் உள்ள விகிதத்தைக் காட்டுகிறது. விகிதம் ஏறினால் தேய்மானத்தைச் சந்தேகி என்பது கணக்கு.

ஆனால் 300-க்கு மேலே சக்தியைக் கொண்டுவர மூட்டு தேயவேண்டிய அவசியமே இல்லை. தோலில் எது உரசினாலும் போதும். நம் நோயாளிகளிடம் உரசுவதற்கு நிறைய இருக்கிறது. ஜிமிக்கி ஆடினால் சென்சாரில் படும். காதிலிருந்து முடிக்கு இழுத்துக் கட்டும் மாட்டல், சென்சார் உட்காரவேண்டிய இடத்துக்கு மேலேயே ஓடும். ஆண்களுக்குக் கிருதா. தாடி வைத்திருப்பவர்களுக்குச் சொல்லவே வேண்டாம். மூக்குக்கண்ணாடியின் காது, முகக்கவசத்தின் நாடா, காது கேட்கும் கருவி, பக்கவாட்டில் தொங்கும் மல்லிகைச் சரம் எல்லாமே உரசும். தேங்காய் எண்ணெய் வைத்துப் படியச் சீவிக்கொண்டு வருபவர்களுக்குக் காதோரத் தோல் வழுக்கும். வாய் திறக்கத் திறக்க சென்சார் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து, அந்த நகர்வே நீண்ட நறநறப்பாகப் பதிவாகும். சித்திரை வைகாசி வியர்வையும் அதையே செய்யும்.

நகையைக் கழற்றச் சொல்வதை நாசூக்காகச் செய்யுங்கள். "அம்மா, காதுல இருக்கறதெ மட்டும் கழட்டி உங்க பையிலயே வெச்சுக்குங்க, அது இடிச்சா மெஷின் தப்பாக் காட்டும்" என்று காரணத்தோடு சொன்னால் யாரும் மறுப்பதில்லை. கழற்றவே முடியாத தோடாக இருந்தால் சர்ஜிக்கல் டேப்பை வைத்துக் காதோடு ஒட்டிவிடலாம். முடியை கிளிப் போட்டுப் பின்னால் தள்ளி, தோலை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்து, முழுதும் உலர்ந்த பிறகு சென்சாரை வையுங்கள். கிருதாவைத் தண்ணீரால் நனைத்துப் படியவைத்தால் உரசல் குறையும். அதற்கும் கேட்காவிட்டால் அந்தப் பக்கத்தின் உயர் அலைவரிசை எண்ணை நம்பவேண்டாம், அறிக்கையிலும் அப்படியே எழுதிவிடுங்கள்.

எதிர்ப்பக்கமும் உண்டு. கன்னம் சதைப்பிடிப்பாக இருப்பவர்களுக்குத் தோலும் கொழுப்பும் உயர் அலைவரிசையைத்தான் முதலில் விழுங்கும். அவர்களுக்கு நிஜத் தேய்மானம் இருந்தாலும் விகிதம் அடக்கமாகவே வரலாம். விரலை வைத்தால் நறநறப்பது தெரிகிறது, திரையில் இல்லை என்றால் விரலை நம்புங்கள்.

மூடும் கடைசியில் ஒவ்வொரு முறையும் ஒரு பெரிய குத்து

பல்லோடு பல் இடிப்பது. மூடிய நிலையில், இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் வந்தால் சந்தேகமே வேண்டாம். "பல்லு லேசாத் தொட்டாப் போதும், கடிக்க வேணாம்" என்று சொல்லிவிட்டு மறுபடி எடுங்கள். கணக்கிடும் பகுதியைத் தேர்ந்தெடுக்கும்போது இந்தக் குத்து உள்ளே வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். பல்செட் போட்டிருக்கும் பெரியவர்களுக்கு மேல் செட் தளர்ந்திருந்தால், திறக்கும்போதே அது விழுந்து சத்தம் எழுப்பும். செட்டோடு ஒரு பதிவு, கழற்றிவிட்டு ஒரு பதிவு எடுத்தால் தெரிந்துவிடும்.

இரண்டு பக்கமும் ஒரே இடத்தில் கிளிக்

இரண்டு மூட்டும் கெட்டுவிட்டது என்று உடனே எழுதிவிடாதீர்கள். தவிலின் ஒரு பக்கம் தட்டினால் மறுபக்கத் தோலும் அதிருகிற மாதிரி, ஒரு மூட்டின் சொடக்கு எலும்பு வழியாக எதிர் சென்சாருக்கும் போய்ச் சேரும். நேர அச்சைப் பெரிதாக்கிப் பாருங்கள். எந்தப் பக்கம் முதலில் ஆரம்பிக்கிறது, எது உயரமாக இருக்கிறது? முதலில் வருவதும் உயரமானதும் ஒரே பக்கமாக இருந்தால் அதுதான் மூலம், எதிர்ப்பக்கத்தில் தெரிவது அதன் தேய்ந்த நகல். ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டால் பக்கம் குழம்பும். இந்தக் கருவியின் நிஜமான பலம் இங்கேதான் இருக்கிறது என்பது என் கருத்து.

நேரத்தில் தெளிவான இடைவெளியோடு, வெவ்வேறு வடிவத்தில் வந்தால் இரண்டுமே தனித்தனிச் சொடக்குகள்.

ஒரு சுற்றில் கிளிக் இருக்கிறது, அடுத்ததில் இல்லை

நோயாளி தாளத்தைப் பிடிக்கவில்லை. வாயைத் திறக்கும் வேகம் மாறினால் அதிர்வின் அளவும் மாறும். வேகமாகத் திறந்தால் பெரிதாகவும், தயங்கித் தயங்கித் திறந்தால் சிறிதாகவும் வரும். முதலில் சென்சார் இல்லாமல் திரையைப் பார்த்துச் சில சுற்று பழக்கிவிடுங்கள். "கோடு மேல போறப்ப வாயெத் தொறங்க, கீழ வர்றப்ப மூடுங்க, அவசரமே இல்லை" என்று பேச்சில் சொல்லுங்கள். திரையைப் பார்த்துச் செய்வது வயதானவர்களுக்குக் கஷ்டமாக இருந்தால் நீங்கள் எதிரில் உட்கார்ந்து வாயைத் திறந்து மூடிக் காட்டுங்கள், உங்களைப் பார்த்துச் செய்வார்கள். நடுவில் எச்சில் விழுங்கினாலும் இருமினாலும் அந்தச் சுற்றைக் கணக்கில் சேர்க்கவேண்டாம்.

பழகிய பிறகும் விட்டு விட்டு வந்தால், அதுவே ஒரு செய்தி. நிஜமான டிஸ்க் கிளிக் சுற்றுக்குச் சுற்று ஏறக்குறைய அதே இடத்தில் வரும். சில மூட்டுகளில் டிஸ்க் ஒருமுறை இடத்துக்கு வரும், ஒருமுறை வராது. நோயாளியிடம் "திடீர்னு வாய் பூட்டிக்குதா, தாடையெ ஆட்டினா விடுதா?" என்று கேளுங்கள். ஆமாம் என்றால் அவரை நெருக்கமாகக் கவனிக்கவேண்டும்.

போன தடவை பெரிய எண், இந்தத் தடவை சின்ன எண்

கேட்க நன்றாக இருக்கும். பல்லின் மேல் மாட்டும் ஸ்பிளின்ட் கொடுத்தோம், மொத்த அதிர்வு இறங்கிவிட்டது, குணம் என்று எழுதத் தோன்றும். அதற்கு முன் ஸ்கேல் எண்ணைப் பாருங்கள்.

உதாரணத்துக்கு, முதல் வருகையில் வலது பக்கம் தெளிவான கிளிக், வாய் 46 மி.மீ. திறக்கிறது, தாடை வலப்பக்கம் போய் நடுவுக்குத் திரும்புகிறது. அடுத்த வருகையில் கிளிக்கே இல்லை. அதே 46 இருந்து, தாடை நேராக இறங்கி, வலியும் குறைந்திருந்தால் சந்தோஷம். ஆனால் 29 மி.மீ. மட்டும் திறந்து, தாடை வலப்பக்கமே ஒதுங்கி நின்றால், மூட்டு ஆறவில்லை. முன்பெல்லாம் டிஸ்க் விலகினாலும் திறக்கும்போது இடத்துக்கு வந்தது, அப்படி இடத்துக்கு வரும்போது எழுந்த சத்தம்தான் கிளிக். இப்போது அது வருவதையே நிறுத்திவிட்டது, எலும்பின் தலை முன்னால் போக முடியாமல் முட்டி நிற்கிறது. சத்தம் போனது நோய் ஒரு படி ஏறியதால். நோயாளியே "சொடக்கு நின்னுடுச்சு டாக்டர், ஆனா வாய் தொறக்க மாட்டேங்குது" என்று இரண்டையும் ஒரே மூச்சில் சொல்வார். அந்த வாக்கியத்தைக் காதில் வாங்கினால் போதும். இப்படித் திடீரென்று பூட்டிக்கொண்ட மூட்டைச் சீக்கிரம் கவனித்தால் நல்லது, மாதக்கணக்கில் தள்ளிப்போடக் கூடாது.

கருவிகளோடு வரும் வழிகாட்டிகளில், மொத்த அதிர்வு 20 பாஸ்கல்-ஹெர்ட்ஸுக்குக் கீழே என்றால் அமைதியான மூட்டு என்று போட்டிருக்கும். அந்த எண், முழுதாக வாய் திறந்த மூட்டுக்குத்தான் பொருந்தும். ஓடாத வண்டியில் சத்தம் எங்கிருந்து வரும்?

இரண்டு பதிவுகளை ஒப்பிடவேண்டுமானால் அதே நாற்காலி, அதே தாளம், அதே திறப்பு அளவு, முடிந்தால் அதே நேரம். இதில் ஒன்று மாறினாலும் வித்தியாசத்தைப் பெரிதாக எடுக்கவேண்டாம்.

கோடு சுத்தம், வாய் மட்டும் திறக்கவில்லை, கிளிக் வரலாறே கிடையாது

நம் காவிரி டெல்டாவில் இந்தத் தலைப்பு தனியாக வேண்டும். சாப்பாட்டுக்குப் பிறகு வெற்றிலை சீவல் போடுவது இங்கே வீட்டுக்கு வீடு உண்டு. பாக்குப் பொட்டலங்களும் பெட்டிக்கடை வரை வந்துவிட்டன. பாக்கு வாயின் உள்தோலை நார்போல இறுகச் செய்யும். நாளாக ஆக வாய் சுருங்கி, இரண்டு விரல் நுழையாத அளவுக்கு வந்துவிடும். அவர்களும் "தாடை இறுகிடுச்சு" என்றுதான் சொல்லிக்கொண்டு வருவார்கள், மூட்டில் ஒன்றும் இருக்காது. ஹெட்செட்டைக் கழற்றி வைத்துவிட்டு கன்னத்தின் உட்புறத்தை விரலால் தடவிப் பாருங்கள். வெளுத்த தோலும் அதன் அடியில் கயிறு மாதிரி இறுகிய பட்டைகளும் தெரிகின்றனவா? காரம் பட்டால் எரிகிறதா? நாக்கை முழுதாக வெளியே நீட்ட முடிகிறதா?

ஆமாம் என்றால் இது மூட்டு நோயே இல்லை, வாய்ப் புற்றுநோயாக மாறக்கூடிய நிலை. பாக்கைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு வைத்திருக்கிறது. புகையிலை சேராத வெற்றிலைப் பாக்கும் அதே பிரிவில்தான். "நான் புகையிலை போடறதில்லையே, வெறும் சீவல்தானே" என்பவர்களிடம் இதைப் பொறுமையாக, திரும்பத் திரும்பச் சொல்லவேண்டும். உள்தோலில் புண்ணோ வெள்ளை, சிவப்புத் திட்டோ இருந்தால் அன்றைக்கே தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ, சிதம்பரம் அரசு பல் மருத்துவக் கல்லூரிக்கோ, பக்கத்தில் உங்களுக்குத் தெரிந்த வாய் அறுவை நிபுணருக்கோ கடிதம் கொடுத்து அனுப்புங்கள். இப்படிப்பட்ட ஒருவருக்கு ஜே.வி.ஏ. எடுத்து, "மூட்டு நன்றாக இருக்கிறது" என்ற தாளை மட்டும் கையில் கொடுத்து வீட்டுக்கு அனுப்புவதைவிடப் பெரிய தீங்கு இந்தக் கருவியால் செய்ய முடியாது.

வாய் திறக்காததற்கு வேறு காரணங்களும் உண்டு. கடைவாய்ப்பல் முளைக்கும் இடத்தில் சீழ், சமீபத்தில் போட்ட மரத்துப்போகும் ஊசி தசையில் பட்டது, காய்ச்சலோடு கழுத்து வீக்கம் போன்றவை. காய்ச்சலும் வீக்கமும் இருந்தால் பதிவை விட்டுவிட்டு அதைப் பாருங்கள்.

முழுதாகத் திறக்கும் இடத்தில் மட்டும் பெரிய அதிர்வு

உச்சத் திறப்புக்குப் பக்கத்திலும், மூட ஆரம்பிக்கும்போதும், பெரும்பாலும் இரண்டு பக்கமும், தாழ்ந்த அலைவரிசையில் வந்தால், எலும்பின் தலை முன் மேட்டைத் தாண்டிப் போய்த் திரும்புகிறது. திறப்பு 50-ஐத் தாண்டியிருக்கும். டிஸ்க் விலகல் என்று எழுதவேண்டாம். அவ்வளவு பெரிதாகத் திறக்காமல் மறுபடி பதிவு செய்தால் அதிர்வு மறைந்துவிடும். கொட்டாவி விடும்போது மோவாயைக் கையால் தாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள்.

கிளிக் நிஜம், வலி இல்லை

பிழை எதுவும் இல்லை, சுத்தமான டிஸ்க் கிளிக், 40-க்கு மேல் நன்றாகத் திறக்கிறது, வலியோ பூட்டிக்கொள்வதோ கிடையாது. இப்படி நிறையப் பேர் இருக்கிறார்கள், பலருக்கு ஆயுசு முழுக்க இப்படியே இருந்துவிடும். விளக்கிச் சொல்லி, அளவுகளைக் குறித்துவைத்து, ஏதாவது மாறினால் வரச் சொல்லுங்கள். பொங்கல் சமயத்தில் செங்கரும்பைக் கடைவாயில் வைத்து உரிப்பதை விட்டுவிட்டுத் துண்டு போட்டுச் சாப்பிடச் சொன்னால் கேட்டுக்கொள்வார்கள்.

திரையில் தெரியும் அந்தக் குத்தைக் காட்டிப் பல்லை ராவிவிடுவதும், வாய் முழுக்க கிரவுன் போடுவதும் கூடவே கூடாது. அமெரிக்கப் பல் ஆராய்ச்சிச் சங்கம் 2010-ல் வெளியிட்ட கொள்கை அறிக்கை இதைத் தெளிவாகச் சொல்கிறது: தாடை மூட்டுக் கோளாறைக் கண்டறிவது முதன்மையாக நோயாளி சொல்லும் வரலாற்றையும் நேரடிப் பரிசோதனையையும், தேவைப்பட்டால் படத்தையும் வைத்துத்தான் நடக்கவேண்டும். சிகிச்சையும் முதலில் திரும்பப் பெறக்கூடிய, மென்மையான வழிகளில் ஆரம்பிக்கவேண்டும். 2014-ல் வந்த, தாடை மூட்டுக் கோளாறுகளுக்கு உலகம் முழுக்கப் பயன்படும் டி.சி./டி.எம்.டி. நோயறிதல் விதிகளிலும் அதிர்வுப் பதிவுக்கு இடம் கிடையாது. அங்கே டிஸ்க்கின் நிலையை உறுதிசெய்வது எம்.ஆர்.ஐ., எலும்புத் தேய்மானத்தை உறுதிசெய்வது சி.டி. இந்தக் கருவியை நான் விரும்பிப் பயன்படுத்துகிறேன். எந்தப் பக்கம், திறப்பின் எந்த இடத்தில், போன முறைக்கு இந்த முறை என்ன மாற்றம் என்று அது நன்றாகச் சொல்லும். ராவிய பல் திரும்பி வராது. அந்த முடிவை ஒரு கோட்டின் பேரில் எடுக்க எனக்கு மனம் வராது.

உரசலெல்லாம் நீக்கியும் நறநறப்பு நிற்கிறது

விரலிலும் தெரிகிறது, திரையிலும் எல்லாச் சுற்றிலும் தெரிகிறது என்றால் எலும்பைப் படம் எடுத்துப் பார்ப்பதுதான் அடுத்தது. வலி இருந்தாலோ, கடி மாறிக்கொண்டே போனாலோ, முன்பற்கள் சேராமல் இடைவெளி விழ ஆரம்பித்தாலோ தாமதிக்கவேண்டாம். கைவிரல் மூட்டுகளிலும் காலையில் விறைப்பு இருக்கிறதா என்று கேளுங்கள். முடக்குவாதம் தாடை மூட்டையும் பிடிக்கும். சின்னப் பிள்ளைகளுக்கு இப்படித் தெரிந்தால் தாடை வளர்ச்சியே பாதிக்கும் என்பதால் மூட்டுவாத மருத்துவரிடம் அனுப்பிவிடுவது நல்லது. எம்.ஆர்.ஐ.யோ, பல் மருத்துவத்தில் எடுக்கும் சி.டி. வகையான சி.பி.சி.டி.யோ எடுக்கத் தஞ்சாவூரோ திருச்சியோ போகவேண்டியிருந்தால், கடிதத்தில் எந்தப் பக்க மூட்டு, வாய் திறந்த நிலையிலும் மூடிய நிலையிலும் எம்.ஆர்.ஐ. வேண்டும் என்று எழுதிவிடுங்கள். மூடிய நிலையில் மட்டும் எடுத்துவிட்டால் டிஸ்க் இடத்துக்குத் திரும்புகிறதா என்று தெரியாது, பஸ் ஏறிப் போனவர் மறுபடி போகவேண்டியிருக்கும்.

கோட்டில் ஒன்றுமில்லை, வலி மட்டும் இருக்கிறது

அதிர்வுப் பதிவு வலியை அளப்பதில்லை. தாடை வலியோடு வருபவர்களில் பலருக்கு வலி தசையில்தான். கன்னத்துத் தசையையும் பொட்டுத் தசையையும் விரலால் அழுத்துங்கள். "இதேதான் டாக்டர், இந்த வலிதான்" என்று அவர் சொன்னால் இடம் கிடைத்துவிட்டது. இரவில் பல் கடிக்கிறாரா, வேலை நேரத்தில் பல்லை இறுக்கி வைத்திருக்கிறாரா என்று கேளுங்கள். பல்லில் வெடிப்பு, காதில் சீழ் இரண்டையும் பார்த்துவிடுங்கள். நாகஸ்வரம் வாசிப்பவராக இருந்தால் கல்யாண மாதங்களில் வலி ஏறுகிறதா, கல்யாணம் இல்லாத மார்கழியிலும் ஆடியிலும் குறைகிறதா என்று விசாரித்தால் பாதி விடை அங்கேயே வந்துவிடும்.

இரண்டு நிலைகளில் மட்டும் ஹெட்செட்டை எடுக்கவே வேண்டாம். 50 வயதைத் தாண்டியவர், சமீபத்தில் ஆரம்பித்த பொட்டுவலி, சாப்பாட்டை மெல்லும்போது தாடை சோர்ந்து வலித்து, மெல்வதை நிறுத்தினால் விட்டுவிடுகிறது, தலை சீவினாலே உச்சந்தலை வலிக்கிறது, பார்வை மங்குகிறது என்றால் அது தமனி அழற்சியாக இருக்கலாம். கவனிக்காமல் விட்டால் கண் பார்வை நிரந்தரமாகப் போய்விடும், அன்றைக்கே பெரிய மருத்துவமனைக்குப் போகவேண்டும். மற்றது, மெல்லும்போது வராமல், வயல் வரப்பில் வேகமாக நடந்தாலோ மாடிப்படி ஏறினாலோ வரும் கீழ்த்தாடை வலி. கூடவே வியர்வையும் மூச்சு வாங்குவதும் இருந்தால் அது இதயக் கோளாறாக இருக்கலாம். இப்போது உட்கார்ந்திருக்கும்போதே வலிக்கிறது என்றால் 108-ஐக் கூப்பிடுங்கள்.